தூரத்துக் கம்பஸா, பக்கத்துக் கம்பஸா? விண்ணப்பம் நிரப்புமுன் வன்னி வீடுகளில் பேசவேண்டியவை

தூரப் பல்கலைக்கழகத்துக்குப் போவதா வேண்டாமா என்ற பேச்சு வன்னியில் பெரும்பாலும் தெரிவுக் கடிதம் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அப்போது தீர்மானிக்க அதிகம் மிச்சமிருக்காது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை வரிசைப்படுத்தும்போதே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே வீட்டில் எல்லோரும் இருந்து பேசுங்கள்.

தெரிவு நடக்கும் முறை இதுதான். ஒரு கற்கைநெறிக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தனிக் குறியீடு உண்டு. உங்கள் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றோடு வரும், தெரிவுக்குப் பயன்படும் புள்ளி) எட்டுகிற தெரிவுகளில் எது மேலே இருக்கிறதோ அதற்கு எடுக்கப்படுவீர்கள். ஆகவே போகவே மாட்டோம் என்று தெரிந்த இடத்தைச் சும்மா மேலே போடாதீர்கள். அது கிடைத்தால் கீழே இருக்கும் விருப்பமான இடம் கைநழுவும். வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாகத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி, குறைந்ததை மேலே போட்டால் வாய்ப்புக் கூடும் என்று சொல்வார்கள், அதுவும் பிழை. உண்மையான விருப்பம் எந்த ஒழுங்கோ அதையே எழுதுங்கள்.

வெட்டுப்புள்ளியை உங்கள் மாவட்டத்துக்கு உரியதாகப் பாருங்கள். ஆனால் கலைப்பிரிவு அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகிறது. மற்றப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு மனம் விடவேண்டியதில்லை.

அடுத்து, நீங்கள் விரும்பும் படிப்பு பக்கத்திலேயே இருக்கிறதா? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. 2021 ஆவணியில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில், பம்பைமடு வளாகத்தில், பிரயோக விஞ்ஞானமும் வணிகக் கற்கைகளும் தொழில்நுட்பமும் உண்டு. விவசாயம் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கிளிநொச்சியும் பேராதனையும் ருகுணு பல்கலைக்கழகத்தின் மாப்பலானையும் இருக்கிற தெரிவுகளில் மூன்று. மூன்றிலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். பாடத்திட்டத்தையும் இறுதியாண்டுச் சிறப்புப் பிரிவுகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய பிரிவு தூரத்தில் மட்டும் இருந்தால் தூரம் போகக் காரணம் உண்டு. "கண்டியில் படித்தவன்" என்ற பெயருக்காக மட்டும் என்றால் காரணம் போதாது என்பதே எங்கள் எண்ணம். கலைப்பிரிவுப் பிள்ளைகள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: தமிழ் மொழிமூலம் எல்லா இடத்திலும் இல்லை.

தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்காதீர்கள். வீட்டுப் படலையிலிருந்து விடுதி வாசல்வரை எத்தனை வாகனம், எத்தனை மணித்தியாலம் என்று எழுதுங்கள். ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. கிளிநொச்சிப் பிள்ளைக்குப் பேராதனை அதே வீதியின் கண்டி முனைக்குப் பக்கத்தில்தான். முல்லைத்தீவிலிருந்து வரைபடத்தில் பக்கமாகத் தெரியும் திருகோணமலைக்கோ பெரும்பாலும் வவுனியாவைச் சுற்றவேண்டியிருக்கும். சிக்கல் அதிகம் வருவது கடைசித் துண்டில்தான். இரவு ரயில் மாங்குளத்தில் இறக்கிவிட்டால் மல்லாவிக்கோ ஒட்டுசுட்டானுக்கோ பஸ் இருக்காது, காட்டுப் பக்க வீதிகளில் யானைப் பயமும் உண்டு. விடியப் போய்ச் சேரும் வண்டியைப் பிடிக்கலாமா, யார் வந்து ஏற்றுவார்கள் என்பதை இப்போதே கேளுங்கள்.

பக்கம் என்றால் வீட்டிலிருந்து போய்வரலாம் என்றும் எண்ணவேண்டாம். புதுக்குடியிருப்பிலிருந்து அறிவியல் நகருக்குத் தினமும் பஸ் மாறிப் போனால், பின்னேரச் செய்முறை வகுப்பு முடியக் கடைசி பஸ் போயிருக்கலாம். அங்கும் அறை எடுக்கவேண்டி வந்தால் செலவில் பேராதனைக்கும் அதற்கும் வித்தியாசம் சுருங்கிவிடும்.

செலவை இரண்டு தாளில் எழுதுங்கள். ஒன்றில் ஒருமுறைச் செலவு: மெத்தை, மடிக்கணினி, அறைக்கான முற்பணம். மற்றதில் மாதச் செலவு: சாப்பாடு, வாடகை, டேட்டா, போட்டோகொப்பி, வீட்டுக்கு வந்துபோகும் காசு. முதலாம் ஆண்டில் விடுதி கிடைத்தாலும் இடையில் ஓர் ஆண்டாவது வெளியே தங்க நேரலாம் என்று வைத்தே கணக்குப் பாருங்கள். மகாபொல புலமைப்பரிசிலின் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்; ஆறு மாதச் செலவை வீட்டிலிருந்து கொடுக்க முடியுமா என்று பாருங்கள். காலபோக நெல் மாசி, பங்குனியில்தான் காசாகும். கடற்தொழில் வீடுகளில் வாடைக்காற்றுக் காலத்தில் வருமானம் இறங்கும். பிள்ளைக்குப் பணம் வேண்டிய மாதமும் வீட்டில் பணம் இல்லாத மாதமும் ஒன்றாக விழுந்தால்தான் கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் பக்கம் கை போகிறது. அந்தக் கடனை இதற்காக எடுக்கவே வேண்டாம்.

மாத்தறை, பெலிகுல்லோயா போன்ற சிங்களப் பகுதிப் பல்கலைக்கழக ஊர்களில் அறைக்காரரும் மருந்துக்கடையும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். பரீட்சைக்கும் அனுமதிக்கும் நடுவே கிடைக்கும் நீண்ட மாதங்களில் பேச்சுச் சிங்களம் பழகினால் போதும், பயம் பாதி குறையும். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். மாணவ ஆலோசகரின் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே வாங்கிப் பெற்றோரிடமும் கொடுங்கள்.

அம்மா தனியே இருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. "அம்மாவை யார் பார்ப்பது" என்ற கேள்வியைப் பிள்ளை மனதுக்குள் வைத்திராமல் அம்மாவிடமே கேட்கட்டும். கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது, வயலை யார் பார்ப்பது என்று ஆளின் பெயரோடு பதில் வரவேண்டும். பெயர் வரவில்லையென்றால் பக்கத்துத் தெரிவை மேலே போடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

முடிவு எதுவானாலும் ஆவணங்களை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். அடையாள அட்டையிலும் பெறுபேற்றிலும் பெயரின் எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். வருமானத்தை உறுதிப்படுத்தக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கையொப்பம் தேவைப்படும், ஒரே நாளில் முடியும் என்று இருக்காதீர்கள். பதிவுக்கான இறுதித் திகதியைத் தவறவிட்டால் கிடைத்த இடமே போய்விடும்.