1970 ஷெவெல் எஸ்எஸ் 454: அசலையும் போலியையும் பிரித்தறியும் முறை

பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்களான அமெரிக்க மசில் கார்களில் 1970ஆம் ஆண்டின் ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 454 அளவுக்கு விரும்பப்படும் வண்டிகள் சிலவே. அதே அளவுக்குப் போலி செய்யப்படும் வண்டிகளும் சிலவே. நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்துவதில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத் தானே விதித்துக்கொண்டிருந்த வரம்பை அந்த ஆண்டில் கைவிட்டது. அதனால்தான் 7.4 லிட்டர் கொள்ளளவுள்ள 454 கன அங்குல எஞ்சின், ஷெவெல் வரிசையின் மாலிபு என்னும் குடும்பக் காரின் உடலுக்குள் இடம் பிடித்தது. எல்எஸ்5 வகை 360 குதிரைத்திறனும், எல்எஸ்6 வகை 450 குதிரைத்திறனும் கொண்டவை என்று அறிவிக்கப்பட்டன. இவை எஞ்சினைத் தனியே கழற்றி வைத்து அளந்த மொத்தத் திறன் என்பதையும், 1972 முதல் வெளியான எண்கள் வண்டியில் பொருத்திய நிலையில் கிடைக்கும் நிகரத் திறன் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளின் விளம்பரங்களை ஒப்பிட்டு ஏமாற வேண்டியிருக்காது.

போலிக்கு வழி திறந்துவிட்டது தொழிற்சாலையே. 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடலாக இருந்ததால் வண்டி எண்ணே (தொழிற்சாலை தரும் விஐஎன்; பதிவு எண் அல்ல) அதை அறிவித்துவிடும். 1969 முதல் எஸ்எஸ் என்பது கூடுதல் பணம் கட்டிப் பெறும் ஒரு தொகுப்பாக மாறியதால், வண்டி எண்ணில் அதற்கான தடயம் இல்லாமல் போயிற்று. பானட், கிரில், சின்னங்கள், கோடுகள் எல்லாம் இன்று புதிதாகவே விலைக்குக் கிடைக்கின்றன என்பதால், வெளித்தோற்றத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

முதலில் முன்கண்ணாடி வழியாக, ஓட்டுநர் பக்கத்து டேஷ்போர்டில் உள்ள வண்டி எண்ணைப் படியுங்கள். 13637 என்று தொடங்கினால் அது வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் கொண்ட, நிலையான கூரையுள்ள மாலிபு ஹார்ட்டாப். 13667 என்றால் கூரையை மடக்கக்கூடிய கன்வெர்ட்டிபிள். அடுத்து வரும் 0 என்பது 1970ஆம் ஆண்டைக் குறிக்கும்; அதன் பின் வரும் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும் (‘கே’ கன்சாஸ் சிட்டி, ‘பி’ பால்ட்டிமோர்). 135 என்று தொடங்கும் எண் ஆறு சிலிண்டர் மாலிபுவுக்கு உரியது. அது எக்காலத்திலும் எஸ்எஸ் ஆக இருந்திருக்க முடியாது என்பதால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். 136 என்று இருந்தால், எஸ்எஸ் ஆக இருந்திருக்கலாம் என்பது மட்டுமே உறுதியாகும்.

அடுத்தது எஞ்சின். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், ஆல்டர்னேட்டர் மறைத்திருக்கும் இடத்தில், பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடலின்) மேல் சிறிய சமதளம் ஒன்று இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ‘டி0302சிஆர்வி’ (T0302CRV) என்ற ஆங்கில எழுத்துகள் தென்பட்டால், டோனவாண்டா ஆலையில் மார்ச் 2 அன்று பூட்டப்பட்ட, மேனுவல் கியருக்கான எல்எஸ்6 என்று பொருள். கடைசி மூன்று எழுத்துகள் சிஆர்ஆர் என்றிருந்தால் ஆட்டோமேட்டிக் கியருக்கான எல்எஸ்6. வண்டி எண்ணின் பிற்பகுதியும் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்; அதன் கடைசி ஆறு இலக்கங்கள் டேஷ்போர்டில் உள்ளவற்றோடு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

எழுத்துகளைவிட அவற்றின் அடியிலுள்ள உலோகப் பரப்பை நான் அதிகம் நம்புகிறேன். தொழிற்சாலையில் பிளாக்கைச் செதுக்கிய இயந்திரம், வண்டியின் நீளவாக்கில் முடி போன்ற மெல்லிய இணைகோடுகளை அந்தச் சமதளத்தில் விட்டிருக்கும். பழைய எண்ணை இழைத்து அழித்துவிட்டுப் புதிதாகப் பொறித்திருந்தால் அந்தக் கோடுகள் மறைந்திருக்கும், அல்லது குறுக்கும் வளைவுமாகத் தேய்த்த தடம் தெரியும். எஞ்சினை நேர்மையாகப் பழுது பார்த்தபோதும் இந்தப் பரப்பு இழைக்கப்பட்டிருக்கக் கூடும். ஆனால் பரப்பு இழைக்கப்பட்டிருந்தும் எண் மட்டும் தெளிவாகவும் ஆழமாகவும் இருந்தால், அது பின்னாளில் பொறித்தது என்றே கொள்ள வேண்டும்.

பிறகு தேதிகளை வரிசைப்படுத்துங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகே பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும். அதில் ஆங்கில அகர வரிசையின் முதல் எழுத்து ஜனவரியையும் இரண்டாவது பிப்ரவரியையும் குறிக்கும். பானட்டுக்குள், முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள தகரச் சுவரில் ஆணியடித்த தகட்டில் ‘03சி’ என்றிருந்தால், உடல் கட்டப்பட்டது மார்ச் மூன்றாம் வாரம். பிப்ரவரி 17இல் வார்த்து, மார்ச் 2இல் பூட்டி, மார்ச் மூன்றாம் வாரத்தில் வண்டியேறிய எஞ்சின் இயல்பானது. வண்டி கட்டி முடித்த பிறகு வார்க்கப்பட்ட பிளாக், அந்த வண்டியோடு பிறந்ததாக இருக்க முடியாது.

எல்எஸ்6 என்று சொல்லி எல்எஸ்5ஐ விற்பவர்களும் உண்டு. எல்எஸ்6இல் அலுமினிய இன்டேக்கும் (எரிபொருள் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி) ஹோலி கார்புரேட்டரும் இருக்கும். எல்எஸ்5இல் வார்ப்பிரும்பு இன்டேக்கும் ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரும் இருக்கும். இவற்றை மாற்றிவிட முடியும் என்பதால் ஓட்டத்தையும் கேளுங்கள். எல்எஸ்6இல் வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் முழு உலோகமான சாலிட் வகை ஆதலால், சூடேறிய பிறகும் வால்வு கவருக்கு அடியிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி சீராக வந்துகொண்டே இருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் எல்எஸ்5இன் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் அப்படி ஒலிப்பதில்லை.

வண்டியின் அடியில் மூடியில் 12 போல்ட் கொண்ட பின் அச்சும், வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கும் பின்பக்க ஸ்வே பாரும் இருக்க வேண்டும். இவை இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும். இருந்தால் எதுவும் நிரூபணமாகாது.

நிரூபிப்பது காகிதமே. நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரம் கேட்பதுபோல, இங்கே பில்ட் ஷீட்டைக் கேட்க வேண்டும். தொழிலாளர்கள் பார்த்து வேலை செய்த இந்தத் தாள், பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேற்புறத்திலோ இருக்கைகளின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ செருகப்பட்டிருந்து, பல பத்தாண்டுகள் கழித்து மங்கிக் கிழிந்த நிலையில் கிடைக்கிறது. டீலர் தந்த ஜன்னல் விலைப்பட்டியல், உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்னும் சிறு உலோகத் தகடு ஆகியவையும் மதிப்புள்ள சான்றுகள். ஃபோர்டுக்கு 1967 முதலான தயாரிப்புப் பதிவுகளை மார்ட்டி நிறுவனமும், போன்டியாக்குக்குப் பிஎச்எஸ் அமைப்பும் வழங்குகின்றன. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அத்தகைய வசதி இல்லை என்பதால், வண்டியோடு தப்பிப் பிழைத்த தாளுக்கு இத்தனை மதிப்பு. பந்தயத்தில் எஞ்சினை இழந்து, பில்ட் ஷீட்டைக் காத்துவைத்திருக்கும் வண்டியை, எண்கள் பொருந்தியும் காகிதம் இல்லாத வண்டிக்கு மேலாகவே நான் வைப்பேன்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் துருவை மறந்துவிடக் கூடாது. பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கித் தளம், பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள தகடு, பின்சக்கரத்துக்குப் பின்னால் சேஸிஸ் ஆகிய இடங்களில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது துருவை மறைக்கப் பூசிய பட்டி. வினைல் கூரை போட்ட வண்டி என்றால் அந்தக் கூரையின் ஓரங்களை விரலால் அழுத்திப் பார்ப்பதும் அவசியம்.

காகிதம் இல்லாத வண்டி பிடித்துவிட்டால் தாராளமாக வாங்கலாம்; நன்றாகக் கட்டிய நகலும் ஓட்டுவதற்கு இன்பமான வண்டிதான். ஆனால் நகலுக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள். ‘அசல் எஸ்எஸ்’ என்று விற்பவர் வாயால் சொன்னால், எஞ்சின் எண்ணையும் வண்டி எண்ணையும் குறிப்பிட்டு அதே சொற்களை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.