பேருந்து வரும்வரை மூன்று வரி

கவிதை எழுத ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. காங்கேயம் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தமே போதும். சங்கப் புலவர்கள் கையாண்ட முதல், கரு, உரி என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் இடமும் பொழுதும்: ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அடுத்ததில் கண்ணில் பட்ட ஓர் உயிர்: கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவைச் செடி வேலியோரம் மேயும் மயிலை (சாம்பல் நிற) பசு. வெறும் 'மாடு' என்று எழுதினால் பாதி போச்சு. பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். மூன்றாவது வரி உங்கள் மனநிலை. அதை ஒரு செயலாகக் காட்டுங்கள்: கையிலிருந்த சீட்டு பறந்தது, துரத்தவில்லை. 'அழகு' என்ற சொல்லுக்கு மட்டும் தடை. அப்புறம், வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் அங்கேயே கைப்பேசியில் குறித்துவிடுங்கள்.