பவளப்பாறை பார்க்க எந்தத் தீவுக்குப் போகலாம்?

குளச்சல், முட்டம் பக்கம் கடலோடு வளர்ந்தவர்களும் கேட்கும் கேள்வி இது. மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்கெலிங் போதுமா, சிலிண்டர் கட்டி ஸ்கூபா டைவிங் செய்ய வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது லட்சத்தீவுதான். பவளத்திட்டு அரணாக நிற்பதால் உள்ளே காயல் போல அலை அடங்கியிருக்கும். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் எர்ணாகுளம், அப்புறம் கொச்சியிலிருந்து கப்பல். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

ஸ்கூபா என்றால் அந்தமானின் ஹேவ்லாக் தீவு (இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர்). ஸ்நார்கெலிங்குக்கு, அந்தமானிலேயே வண்டூர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் உள்ள ஜாலி பாய் தீவு அருமை. ஆனால் ஆண்டு முழுதும் திறந்திருக்காது, பிளாஸ்டிக் பாட்டிலும் கொண்டுபோக முடியாது. நல்ல விதி அது.

21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா பூங்கா நமக்குப் பக்கம்தான். ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் இஷ்டப்படி இறங்க முடியாது. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

எங்கே போனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். கடைசி டைவிங்குக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரமாவது விடுங்கள். பவளத்தின் மேல் தயவுசெய்து கால் வைக்காதீர்கள், அது உயிருள்ளது.