காணாமல் போன கடினச் சொற்கள்

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்காக, சொற்களை அட்டைகளாகத் திரும்பத் திரும்பக் காட்டும் ஃபிளாஷ்கார்டு செயலியில் ஆங்கிலச் சொற்கள் படித்தேன். கடினமான சொற்கள் மட்டும் திரும்ப வரவே இல்லை. சின்க் செய்து பார்த்தேன், செயலியை அழித்துத் திரும்பப் போட்டேன், தினசரி அளவைக் கூட்டினேன். நாட்கள்தான் வீண்.

கார்டு பட்டியலைத் திறந்ததும் விஷயம் தெரிந்தது. சில வரிகள் மட்டும் மஞ்சள்; பக்கத்தில் 'லீச்' என்ற டேக். 8 முறை மறந்த கார்டைச் செயலியே நிறுத்திவைக்கும் செட்டிங் அது.

நின்றவை பெரும்பாலும் ஒன்றுபோல ஒலிக்கும் ஜோடிகள். வீனல் என்றால் லஞ்சத்துக்கு விலைபோகிற. வீனியல் என்றால் மன்னிக்கத்தக்க. இரண்டையும் ஒன்றாக விடுவித்தால் மறுபடி குழப்பம்தான். அதனால் ஒன்றை மட்டும் விடுவித்து, அது நன்றாகப் பதிந்த பிறகே மற்றதைத் திறந்தேன். அப்புறம் எதுவும் நிற்கவில்லை, அப்பாடா! விடுவிக்கும்போது அந்த டேக்கையும் எடுத்துவிடுங்கள்.