ஊக்கம் இல்லை என்று எழுதுவதற்கு முன்னர்: நடத்தை மாற்றப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009க்குப் பின்னரான மீள்குடியேற்றக் காலம் தொடங்கி, விழிப்புணர்வுக் கூட்டம் நடக்காத பொதுநோக்கு மண்டபத்தை வட இலங்கையின் வன்னியில் காண்பது அரிது. சேமிப்பு, வீட்டுத்தோட்டம், நீரிழிவு, மதுப் பாவனை, டெங்கு என்று தலைப்புகள் மாறினாலும், திட்ட முடிவில் எழுதப்படும் அறிக்கையில் 'பயனாளிகளிடம் ஊக்கம் போதாது' என்ற வசனம் மட்டும் மாறுவதில்லை. ஊக்கல் பற்றிய உளவியற் கோட்பாடுகளைப் பயிற்சியில் படித்தவர்களே இதை எழுதுகிறார்கள் என்பது விசித்திரம். அக்கோட்பாடுகளைச் சரியாக வாசித்தவர் இந்த முடிவுக்கு இவ்வளவு விரைவாக வரமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, ஒருவர் ஒன்றைச் செய்யாதிருப்பதை விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்வதாகும். சூசன் மிச்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட மாதிரியின்படி, ஒரு நடத்தை நிகழ ஆற்றல், வாய்ப்பு, ஊக்கல் ஆகிய மூன்றும் கூடவேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமம் ஒன்றில், நீரிழிவு கிளினிக்கைத் தவறவிடும் பெண்ணிடம் காரணம் கேட்டால் மறுமொழி இப்படித்தான் வரும்: "தம்பி, காலமை பஸ் ஒண்டுதான். அதில போனா மருந்தெடுத்து வர மத்தியானம் தாண்டும். அண்டைக்குக் கூலியும் இல்லை, மாட்டையும் ஆர் பாக்கிறது?" இதில் நோயைப் பற்றிய அறியாமையைக் காணவில்லை, அக்கறையீனத்தையும் காணவில்லை. அவருக்கு வாய்ப்புத்தான் குறைவு. இன்னொரு துண்டுப்பிரசுரம் கொடுப்பதால் அந்த பஸ் இரண்டாகப் போவதில்லை. அதே ஒழுங்கையில் கிளினிக்குக்குப் போகும் இருவர் வெவ்வேறு நாட்களைப் பெற்று, மாறிமாறி மாடு பார்த்துக்கொள்ள ஒழுங்கு செய்தால் ஏதாவது நடக்கலாம்.

விருப்பம் உண்மையாகவே இருக்கும்போதும் அது தானாகச் செயலாகிவிடுவதில்லை. தோமஸ் வெப், பஸ்கால் ஷீரன் ஆகிய இருவரும் 47 பரிசோதனைகளைத் தொகுத்து 2006இல் காட்டியது இதுவே: மக்களின் எண்ணத்தை நடுத்தர அளவுக்கு மேல் மாற்றினாலும், நடத்தையில் அதற்கேற்ற மாற்றம் சிறிய அளவிலோ நடுத்தர அளவிலோதான் கிடைக்கிறது. ஆகவே கூட்டத்தின் முடிவில் எத்தனை கைகள் உயர்ந்தன என்று எண்ணி மகிழ்வதில் பொருளில்லை. கைகள் உயர்ந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதற்கு ஹவார்ட் லெவந்தாலும் வேறு இருவரும் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 1965இல் வெளியிட்ட பரிசோதனை இன்றும் நல்ல வழிகாட்டி. ஏற்புவலித் தடுப்பூசி பற்றிய பயமூட்டும் பிரசுரம் மாணவர்களின் மனப்பாங்கை மாற்றியது. ஆனால் ஊசி போடப் போனவர்கள் சுமார் 3 வீதத்தினரே. சுகாதார நிலையத்தை வட்டமிட்ட வரைபடத்தைக் கொடுத்து, 'உங்கள் வார நேரசூசியில் எப்போது அந்தப் பக்கம் போவீர்கள்?' என்று திட்டமிடவும் வைத்தபோது அது சுமார் 28 வீதமாகியது. பீட்டர் கொல்விற்சர் பின்னர் இதையே 'இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்' என்ற வடிவத்தில் கோட்பாடாக்கினார்.

இந்தத் திட்டமிடலை நமது ஊரில் பயன்படுத்தும்போது பெரும்பாலும் கடிகாரத்தோடு கட்டிவிடுகிறார்கள். அது வேறொரு தவறு. 'தினமும் மாலை ஐந்து மணிக்கு அரை மணித்தியாலம் நடக்கவும்' என்ற அறிவுரை சிறுபோகத்துக்குப் பொருந்தலாம். காலபோக விதைப்பிலும், அறுவடை மிசின் எப்போது வரும் என்று வயற்கரையில் காத்திருக்கும் நாட்களிலும் ஐந்து மணி என்பது யாருக்கும் சொந்தமில்லை. 'மாட்டைக் கொண்டுவந்து கட்டியதும் குளக்கட்டால் ஒருமுறை போய்வருவேன்' என்பது அப்போதும் நிலைக்கும். மாடு எப்படியும் கட்டப்படும்.

பயத்தைப் பற்றி வன்னிக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மண்டையோடு வரைந்த, கண்ணிவெடியை எச்சரிக்கும் சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, பயத்தோடு கூடவே 'தொடாதே, கிட்டப் போகாதே, அறிவி' என்று செய்யவேண்டியதும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் விறகுக்கும் பழைய இரும்புக்கும் ஆபத்தான காணிகளுக்குள் இறங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பயம் தெரியாமலில்லை, அடுப்பெரிய வேறு வழிதான் இல்லை. மதுவுக்கும் புகைத்தலுக்கும் எதிராக அழுகிய ஈரல், நுரையீரல் படங்களை மட்டும் காட்டிவிட்டு, எங்கே போய் யாரிடம் உதவி கேட்பது என்பதைச் சொல்லாமல் விடுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

அன்பளிப்பு விடயம் சற்றுச் சிக்கலானது. மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய முன்பள்ளிப் பிள்ளைகளுள், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பின்னர் தாமாக வரையும் நேரம் குறைந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு ஏற்படவில்லை. இதை வைத்துக்கொண்டு 'பரிசு கொடுத்தாற் கெட்டுப்போவார்கள்' என்று பொதுவாகப் பேசுவதும் பிழையே. முன்பே ஆர்வமில்லாத, சலிப்பூட்டும் வேலையில் கெடுவதற்கு ஆர்வம் ஏது? பயணப்படியும் சாப்பாட்டுப் பொதியும் ஒருநாள் கூலியை இழந்து வருபவருக்கு நியாயமான ஈடு; அவற்றை நிறுத்தவேண்டும் என்பவர்கள் தாங்களும் படி வாங்கிக்கொண்டே அக்கூட்டத்துக்கு வருகிறார்கள். சிக்கல் எழுவது, தலைமுறையாகக் கத்தரியும் பயிற்றையும் நட்ட வளவுக்கு 'நட்டால் வாளி தருவோம்' என்று போகும்போதுதான். எட்வேட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த கோட்பாடு, தானே தெரிவுசெய்கிறேன், என்னால் முடிகிறது, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகளையும் ஊக்கத்தின் அடிப்படைகளாகக் கொள்கிறது. எந்தப் பயிர் வேண்டும் என்று கேட்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே விதைப் பொதியைக் கொடுக்கும்போது முதலாவது உணர்வு படலையிலேயே நின்றுவிடுகிறது.

மனிதத் தேவைகளை உணவு, பாதுகாப்பு என்று கீழிருந்து மேலாக அடுக்கிய உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலையை ஏணியாகக் கற்பிப்பதும் நிறுத்தப்படவேண்டும். 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் கூம்பகம் எதையும் வரையவில்லை. இந்த ஒழுங்கு இறுக்கமானதல்ல என்றும், ஒரு தேவை முழுதாக நிறைவேறிய பின்னரே அடுத்தது எழும் என்பது தவறான எண்ணம் என்றும் அவரே எழுதியிருக்கிறார். போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக்பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலத்திலேயே பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். 'முதலில் வீடு கட்டட்டும், மற்றவை பிறகு' என்ற திட்டமிடலுக்கு மாஸ்லோவைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை.

21 நாளில் பழக்கம் உருவாகும் என்ற கதையையும் விட்டுவிடலாம். அது மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற ஒட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் தம் நோயாளிகளைப் பார்த்து 1960இல் எழுதிய அவதானத்திலிருந்து திரிந்து வந்தது. பிலிப்பா லாலியின் குழு 96 பேரை வைத்து இலண்டனில் செய்த ஆய்வில் நடுப்பெறுமானம் 66 நாட்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாட்கள் வரை விரிந்தது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பது, 22ஆம் நாளில் 'எனக்கு ஏலாது' என்று கைவிடுபவருக்குச் சொல்லவேண்டிய செய்தி.

குடிப்பவரோடு பேசும்போது செய்யும் தவறு தனியானது. 'ஏன் குடிக்கிறாய்?' என்று நெருக்கினால் அவர் குடிப்பதற்கான நியாயங்களைத் தானே அடுக்கத் தொடங்குவார். வில்லியம் மில்லர் 1983 முதல் வளர்த்தெடுத்த நேர்காணல் முறை, மாறவேண்டிய காரணங்களை அவருடைய வாயாலேயே வரவைக்கும்படி கேட்கச் சொல்கிறது. "அண்ணை, போன மாசம் ஒரு கிழமை நிப்பாட்டினியளாம், எப்பிடி நிண்டியள்?" என்பது நல்ல தொடக்கம். அதற்கு அவர், நிறுத்தியபோது கை நடுங்கியது, வியர்த்தது, நித்திரையே வரவில்லை என்று சொன்னால், அந்த இடத்தில் ஊக்கல் பற்றிய பேச்சை நிறுத்தவேண்டும். நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிராபத்தாகலாம் என்பதால், அவரைச் சத்தியம் செய்ய வைக்காமல் முதலில் வைத்தியசாலைக்கு அழைத்துப்போக வேண்டும்.