ப்ளூ மூனும் அத்திப் பூவும்

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் நிற்காது. நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் தமிழ்த் தொடரோடு முடிச்சுப் போடுங்கள். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிதான் ப்ளூ மூன். சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும். எப்போதாவது போன் செய்யும் சொந்தக்காரரை நினைத்து, 'ஹி கால்ஸ் மீ ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று சொல்லிப் பாருங்கள், மறக்காது. 'பீஸ் ஆஃப் கேக்'? அல்வா சாப்பிடுவது மாதிரி, அவ்வளவுதான்.

சரி, இடம் பார்த்துப் பேச வேண்டும். 'கிக் த பக்கெட்' என்பது நம் 'மண்டையைப் போட்டார்' போல. துக்க வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அங்கே 'பாஸ்ட் அவே'தான். அப்புறம், கொட்டும் மழைக்குப் பள்ளியில் படித்த 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', அதாவது அந்தப் பூனை, நாய் மழை, இப்போது கொஞ்சம் பழசு.