வீட்டு ஆட்டோமேஷன்: வயர்லெஸ் ஹப் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

"எந்த ஹப் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். உங்கள் வீட்டு ஸ்விட்ச் பாக்ஸில் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இருக்கிறதா? பலருக்குத் தெரியாது. அது தெரியாமல் ஹப்பை வாங்கி வைத்தால், அப்புறம் அந்த ஹப்போடு சேரும் ஸ்விட்சைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியதுதான். அதனால் இந்தப் பதிவில் ஹப் நான்காவது படியில்தான் வரும். கொஞ்சம் பொறுமை.

ஹப், கேட்வே, கன்ட்ரோலர் என்று எப்படிச் சொன்னாலும் வேலை ஒன்றுதான். ஸ்விட்ச், சென்சார், பிளக் எல்லாவற்றோடும் ரேடியோ அலையில் பேசும். "இருட்டினால் வாசல் லைட்டைப் போடு" மாதிரியான கட்டளைகளை நினைவில் வைத்து, நேரம் வந்ததும் நிறைவேற்றும். நம் ஊர் தனி வீடு, இரண்டு மூன்று பெட்ரூம், மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க், அவ்வப்போது கரண்ட் கட் என்ற நிலைமையை வைத்து எழுதுகிறேன்.

படி 1: பேப்பரும் பேனாவுமாக வீட்டைச் சுற்றுங்கள்

எதை ஆட்டோமேட் செய்யப் போகிறீர்கள் என்று அறை அறையாக எழுதுங்கள். "எல்லாவற்றையும்" என்று எழுதாதீர்கள். தினமும் எரிச்சல் தரும் நாலைந்து விஷயங்கள் போதும். கீசரை அணைக்க மறப்பது, டேங்க் நிரம்பி வழிவது, ராத்திரி மாடிப்படி லைட் அணையாமல் எரிவது, இப்படி.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் அதை ஓட்டினால் தினமும் விளிம்பிலேயே நிற்கும். 16 ஆம்பியர் பிளக்தான் சரி. தண்ணீர் மோட்டார் விஷயமே வேறு. ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஸ்மார்ட் பிளக்குக்குள் இருக்கும் சின்ன ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) முனைகள் ஒட்டிக்கொள்ளும். ரிலே ஒட்டிக்கொண்டால் ஆப்பில் "ஆஃப்" என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாருக்கு எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) போட்டு, அந்தக் கான்டாக்டரை மட்டும் ஸ்மார்ட் ரிலேயால் இயக்குங்கள்.

ஃபேனைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதுங்கள். பழைய ஃபேன் என்றால், வேகத்தை மாற்ற ஃபேனுக்கென்றே வரும் மாட்யூல் வேண்டும்; லைட்டுக்கான டிம்மரைப் போட்டால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார்) ஃபேன் என்றால் ரெகுலேட்டரே கூடாது. ரிமோட் இன்ஃப்ராரெட் வகையாக இருந்தால், ஏசி, டிவி மாதிரியே அதையும் ஒரு ஐஆர் பிளாஸ்டரால் (ரிமோட் போலவே இன்ஃப்ராரெட் சிக்னல் அனுப்பும் சின்னப் பெட்டி) இயக்கலாம். ஆனால் ஐஆர் ஒருவழிப் பாதை. யாராவது கையால் ஃபேனை அணைத்தால் அது ஹப்புக்குத் தெரியாது.

படி 2: ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்து பாருங்கள்

நீங்களே திறக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்.

முதலாவது நியூட்ரல். சாதாரண ஸ்விட்சுக்கு ஃபேஸ் மட்டும் போதும். ஸ்மார்ட் ஸ்விட்ச் லைட் அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து ரேடியோவைக் கேட்க வேண்டும், அதற்கு நியூட்ரலும் தேவை. நம் வீடுகளில் இதில் ஒரு வசதி உண்டு. ஒரே போர்டில் ஆறு ஸ்விட்சும் ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்து இருப்பது வழக்கம். பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரலும் அங்கே வந்திருக்கும். மாட்டிக்கொள்வது மாடிப்படி டூவே ஸ்விட்சில்தான். அங்கே பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. அந்த இடத்துக்கு நியூட்ரல் தேவைப்படாத மாடல் வாங்கலாம், ஆனால் வாட் குறைந்த எல்இடி பல்ப் அதில் அணைத்த பிறகும் லேசாக மினுங்கும். லைட்டோடு ஒரு சின்ன கெப்பாசிட்டர் சேர்த்தால் சரியாகும்.

இரண்டாவது ஆழம். சாதாரண ஸ்விட்சை அப்படியே வைத்து ஸ்மார்ட் ஆக்குவதானால், அதன் பின்னால் ரிலே மாட்யூல் உட்கார இடம் வேண்டும். பழைய வீட்டு பாக்ஸில் வயர்கள் அடைந்து கிடந்தால் மாட்யூல் நுழையாது. டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த ரேடியோ?

பெரிய முடிவு இதுதான். ஹப் எது என்பது பாதி இதிலேயே முடிவாகிவிடும்.

வைஃபை சாதனங்களுக்குத் தனி ஹப் வேண்டாம், இருக்கும் ரவுட்டரே போதும். நாலைந்து பிளக் மட்டும் என்றால் வைஃபையிலேயே நில்லுங்கள், தப்பில்லை. முப்பது நாற்பது என்று ஏறும்போது, இணைய நிறுவனம் இலவசமாகக் கொடுத்த ரவுட்டர் திணறும். இன்னொன்று, இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும். ஃபோன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்து, பிளக் சேராமல் அடம்பிடித்தால், ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துப் பாருங்கள்.

ஜிக்பீ என்ற ரேடியோ முறையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும். ஒரு பட்டன் பேட்டரியில் கதவு சென்சார் பல மாதங்கள் ஓடும். நம் வீட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்யக் காரணம் வேறு. செங்கல் சுவர், கான்கிரீட் தளம் எல்லாம் தாண்டி ஒரே பெட்டியின் சிக்னல் மொட்டை மாடிவரை போகாது. ஜிக்பீயில் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் பிளக்கும் பக்கத்துச் சாதனத்தின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும், வரிசையில் நின்று சித்தாள்கள் செங்கல் கைமாற்றுவது போல. ஹாலில் ஹப், படிக்கட்டில் ஒரு ஸ்விட்ச், மாடி அறையில் ஒரு பிளக் இருந்தால் டேங்க் சென்சார்வரை போய்ச் சேரும். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் கடத்தாது. நியூட்ரல் இல்லாத ஸ்விட்சுகளும் பெரும்பாலும் கடத்தாது. ஸ்மார்ட் பல்பும் கடத்தும்தான், ஆனால் வீட்டில் யாராவது சுவர் ஸ்விட்சை அணைத்தால் வரிசையில் ஒரு ஆள் குறைந்துவிடும். பல்பை நம்பி வலைப்பின்னல் கட்டாதீர்கள்.

இசட்-வேவ் என்ற இன்னொரு ரேடியோ முறையும் நல்ல தொழில்நுட்பம். வைஃபையோடு மோதாத தாழ்ந்த அலைவரிசை, சுவரையும் நன்றாகத் தாண்டும். ஆனால் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908.4. அமெரிக்காவிலிருந்து மச்சான் ஆசையாக வாங்கி வந்த இசட்-வேவ் ஸ்விட்ச் இங்கே வாங்கிய ஹப்போடு பேசவே பேசாது, அந்த ஊர் 120 வோல்ட் என்ற பிரச்சினை தனி. நம் கடைகளில் சாதனங்களும் குறைவு. புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டாம் என்பேன்.

மேட்டர் என்ற பெயரை இப்போது எல்லாப் பெட்டியிலும் பார்ப்பீர்கள். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. இது தனி ரேடியோ இல்லை. வைஃபை மேலும் த்ரெட் என்ற இன்னொரு ரேடியோ மேலும் ஓடும் பொதுமொழி. மேட்டர் சாதனத்தை ஒரே நேரத்தில் கூகுள், ஆப்பிள், அலெக்ஸா மூன்றோடும் சேர்க்கலாம், வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசும். பெட்டியில் "த்ரெட்" என்று போட்டிருந்தால் த்ரெட் பார்டர் ரவுட்டர் (த்ரெட் சாதனங்களை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் கருவி) வேண்டும். ஆப்பிளின் ஹோம்பாட் மினி ஸ்பீக்கர், கூகுள் நெஸ்ட் ஹப் இரண்டாம் தலைமுறை போன்றவற்றில் அது உள்ளேயே இருக்கிறது.

படி 4: இப்போது ஹப்

என் அளவுகோல் ஒன்றுதான். இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் ஆட்டோமேஷன் ஓட வேண்டும். மழைக்குக் கேபிள் அறுந்தால் மாடிப்படி லைட் எரியாது என்பது என்ன நியாயம்?

கேபிள் மட்டுமில்லை, கம்பெனியும் போகலாம். ரிவால்வ் என்ற ஹப் கம்பெனியை 2014இல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது, காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் வேலை செய்யாமல் போயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற வீட்டு ஆட்டோமேஷன் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. பிறகு வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி உயிர்கொடுத்தார்கள். ஆகவே கடைக்காரரிடம் கேளுங்கள்: ஆட்டோமேஷன் ஹப்பிலேயே சேமிக்கப்படுமா, கம்பெனி சர்வரிலா?

ஏற்கெனவே வீட்டில் அமேசானின் அலெக்ஸா ஸ்பீக்கரான நான்காம் தலைமுறை எக்கோ இருந்தால் அதற்குள் ஜிக்பீ ஹப் இருக்கிறது, காசு செலவில்லாமல் தொடங்கலாம். எக்கோ டாட்டில் அது கிடையாது, பார்த்து வாங்குங்கள். ஆனால் நெட் போனால் அலெக்ஸா பெரும்பாலும் ஊமையாகிவிடும்.

ஒரு கம்பெனியின் சொந்த ஜிக்பீ ஹப் அடுத்த வழி. விலை குறைவு, ஆப்பில் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அந்தக் கம்பெனியின் சாதனம் மட்டுமா, வேறு ஜிக்பீ சாதனமும் சேருமா என்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கத் தயார் என்றால் என் ஓட்டு ஹோம் அசிஸ்டன்ட்டுக்குத்தான். 2013இல் தொடங்கிய இலவச மென்பொருள். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரிலோ, சும்மா கிடக்கும் பழைய மினி கம்ப்யூட்டரிலோ ஓடும். கூட ஒரு ஜிக்பீ யுஎஸ்பி டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ஜிக்பீ ரேடியோ) வாங்கினால் போதும். எந்தக் கம்பெனி ஜிக்பீ சாதனமாக இருந்தாலும் பெரும்பாலும் சேர்ந்துவிடும், எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். மெமரி கார்டில் ஓட்டாமல் எஸ்எஸ்டியில் ஓட்டுங்கள். திடீர் கரண்ட் கட்டில் கார்டு கெட்டுப்போவது சகஜம்.

படி 5: எங்கே வைப்பது?

வீட்டின் நடுவில், திறந்த இடத்தில். டிவிக்குப் பின்னாலும் வேண்டாம், இரும்பு பீரோ மேலும் வேண்டாம். வைஃபை ரவுட்டரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ரவுட்டர் சேனல் 1, 6, 11இல் எதில் இருக்கிறது என்று பார்த்து, ஹப் அனுமதித்தால் ஜிக்பீயை 15, 20, 25 என்ற, வைஃபை சேனல்களுக்கு இடைவெளியில் விழும் சேனல்களில் ஒன்றில் வையுங்கள். இதைத் தொடக்கத்திலேயே செய்யுங்கள்; பிறகு மாற்றினால் சில சாதனங்களை மறுபடி சேர்க்க வேண்டிவரும். டாங்கிளை கம்ப்யூட்டரில் நேராகச் செருக வேண்டாம். நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழுகிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டாலே பாதிப் புகார் தீரும்.

ஹப், ரவுட்டர் இரண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். ஹப்புக்கு எத்தனை வோல்ட் என்று அதன் அடாப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: இரண்டே சாதனத்தோடு சோதனை

ஹப்போடு ஒரு பிளக்கும் ஒரு மோஷன் சென்சாரும் மட்டும் வாங்குங்கள். பிளக்கை முதலில் சேருங்கள், அப்புறம் சென்சார். சென்சாரை அது மாட்டப்படும் இடத்திலேயே வைத்துச் சேர்ப்பது நல்லது. பிளக்கில் ஒரு டேபிள் லேம்ப் போட்டு, ஆள் நடந்தால் எரியும்படி வையுங்கள்.

இனி ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு சென்சார் முன்னால் நடந்து பாருங்கள். லேம்ப் எரிந்தால் ஹப் பாஸ். எரியவில்லை என்றால், கட்டளை எங்கோ வெளியூர் சர்வரை நம்பி இருக்கிறது என்று அர்த்தம்.

கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, மெயின் ஸ்விட்சோடு ஹப்பின் இன்வெர்ட்டர் அல்லது யுபிஎஸ்ஸையும் ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். ஹப் தானாக எழுகிறதா, பிளக் தானாகச் சேர்கிறதா என்று பாருங்கள். பல பிளக்குகளிலும் பல்புகளிலும் 'கரண்ட் வந்ததும் என்ன நிலை' என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை "ஆஃப்" அல்லது "முந்தைய நிலை" என்று வையுங்கள். இல்லையென்றால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்போது பெட்ரூம் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்து வீட்டையே எழுப்பும். கீசராக இருந்தால் விடியும்வரை ஓடும்.

இந்தச் சோதனையை ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் செய்துவிடுங்கள். பெட்டியையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.